தெரிந்தவர் யாரும் உண்டா?

2011 பிப்ரவரி 28ஆம் தேதி இரவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊழியர்கள் நாடு முழுவதும் தெருவில் இறங்கினார்கள். வீடு வீடாகப் போய் எண்ணும் வேலை அதற்குள் முடிந்திருந்தது. அந்த ஓர் இரவு வீடே இல்லாதவர்களுக்கு. நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம், சாலையோரம் போட்டுவைத்த பெரிய சிமெண்ட் குழாய் என்று தேடிப் போய் எண்ணினார்கள். இந்தியா முழுக்க ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நகரங்களில். அரசாங்கம் எத்தனையோ ஆண்டுக்கு ஒரு முறை ஓர் இரவாவது அவர்களைத் தேடிப் போகிறது. சென்னையில் இருக்கும் நாமோ காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அவர்களைத் தாண்டிக்கொண்டுதான் போகிறோம். நின்று பெயர் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மாநகராட்சியைத் திட்டுவது நமக்கு நன்றாக வரும். டீக்கடையில் திட்டுகிறோம், வாட்ஸ்அப்பில் திட்டுகிறோம், திட்டி முடித்ததும் நம் பங்கைச் செய்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதி இந்த முறை வேண்டாம். அரசு செய்ததையும் செய்யாததையும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாம் என்ன செய்தோம் என்பதை மட்டும் பார்க்கலாம். நாம் என்று நான் சொல்வது, மாதம் பிறந்தால் ஏதோ ஒரு சம்பளம், வாடகையோ சொந்தமோ ஒரு வீடு, ராத்திரி கதவைச் சாத்தினால் உள்ளே ஒரு ஃபேன் சுற்றும் வாழ்க்கை, இவை வாய்த்தவர்களை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன்.

அவர்களை நமக்குத் தெரியவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஏடிஎம் வாசல் பாட்டி, பிரிட்ஜுக்குக் கீழே தாடிக்காரர், பிள்ளையார் கோயில் பக்கத்தில் எப்போதும் எதையோ எழுதிக்கொண்டிருக்கும் அம்மா. அடையாளம் எல்லாம் இடத்தோடு நின்றுவிடுகிறது. பாட்டி ஒரு நாள் அங்கே இல்லையென்றால் உடனே கண்ணில் படுவதில்லை. சில நாள் கழித்து யாராவது ஒருவர், “அந்தப் பாட்டிய காணோமே?” என்பார். கூட இருப்பவர், “ஆமால்ல!” என்பார். அதற்குள் சிக்னல் விழுந்துவிடும். ஒரு மனுஷி இந்த ஊரிலிருந்து காணாமல் போனதற்கு நாம் செய்த விசாரணை அவ்வளவுதான்.

தேர்தல் ஆணையத்தின் நடைமுறை ஒன்று என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. வீடில்லாதவரும் வாக்காளராகப் பதியலாம். முகவரிச் சான்று கட்டாயமில்லை. அதற்குப் பதிலாக வாக்குச்சாவடி நிலை அலுவலர், விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் இடத்துக்கு இரவில் நேரில் போய், அந்த ஆள் உண்மையாகவே அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை பார்த்தால் போதாது, இன்னொரு இரவும் போக வேண்டும். நல்ல விதிதான், பரிவோடு எழுதிய விதி. ஆனால் எதிரே நாற்பது வீடுள்ள ஓர் அடுக்ககம் இருக்கும் தெருவில், “ஆமாம் சார், இவர் இங்கதான் இருக்கார், எங்களுக்குத் தெரியும்” என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதிகாரி டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தானே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் வரும் கேள்வி, தெரிந்தவர் யாரும் உண்டா என்பதுதான். பெரியாஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரிடம், “கூட யாரு வந்திருக்கா?” என்பார்கள். வாட்ச்மேன் வேலைக்குப் போனால், “யார் சொல்லி வந்தே?” ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, வாடகைக்கு ஓர் அறை, பிள்ளைக்கு ஸ்கூல், எதற்குப் போனாலும் ஒரு முகவரி, இல்லையென்றால் ஒரு சிபாரிசு. நமக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாமா இருக்கிறார், ஆபீஸில் கூட வேலை செய்பவர் இருக்கிறார், ஊர்க்காரர் ஒருவர் கவுன்சிலருக்கு வேண்டியவர். தெருவில் இருப்பவருக்குக் கூரை இல்லாதது நம் கண்ணுக்குத் தெரிகிறது. “எனக்கு இவரைத் தெரியும்” என்று சொல்ல ஓர் ஆள் இல்லாதது தெரிவதில்லை. கூரை தருவது நம் கையில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இந்த ஒரு வார்த்தை நம் கையில்தானே இருந்தது?

தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் தனி ஆட்கள் என்று நினைப்பதும் நம் அலட்சியம்தான். பாரிமுனை, என்.எஸ்.சி. போஸ் சாலை, வால்டாக்ஸ் சாலை, யானைகவுனி பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் உண்டு. கடை சாத்திய பிறகு பாயை விரித்து, கடை திறக்கும் முன் சட்டி பானையைச் சுருட்டி வைத்துவிடும் வாழ்க்கை. அங்கே வளைகாப்பு நடக்கிறது, மஞ்சள் நீராட்டு நடக்கிறது, மாமியார் மருமகள் சண்டை தெருவுக்கே கேட்கிறது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பத்துப் பேர் விசாரிக்கிறார்கள். மனிதத் துணையில் அவர்கள் நம்மைவிடப் பணக்காரர்கள். இல்லாதது கதவு, தாழ்ப்பாள், கக்கூஸ். கட்டணக் கழிப்பறையைப் பூட்டிவிட்டால் அங்கே இருக்கும் பெண்களுக்கு ராத்திரி மிகவும் நீளமானது. தாகம் எடுத்தாலும் பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிக்க யோசிப்பார்கள். அதே தெருக்களில்தான் நாம் பள்ளி திறக்கும்போது நோட்டு வாங்குகிறோம், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறோம்.

“வீடு குடுத்தாலும் இருக்க மாட்டாங்க சார், வித்துட்டுத் திரும்ப பிளாட்பாரத்துக்கே வந்துடுவாங்க” என்பது நாம் எல்லோரும் எப்போதாவது சொன்ன வசனம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே மாடி மாடியாகக் கட்டி அனுப்பியதில் சிலர் திரும்பி வந்தது உண்மைதான். மீன் ஏலமும் காய்கறி மூட்டையும் விடியற்காலையில் தொடங்குகிற வேலை. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டி அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸில் வருவது? நாம் ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு தேடி, கிடைக்காவிட்டால் மெட்ரோவுக்குப் பக்கத்தில் தேடுகிறோமே, அதே கணக்கைத்தான் அவர்களும் போடுகிறார்கள். பம்பாய் நடைபாதைவாசிகள் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985லேயே உச்ச நீதிமன்றம் இதைப் புரிந்துகொண்டது: பிழைப்பு இருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் படுப்பார்கள், பிழைப்பைப் பறித்தால் உயிர்வாழும் உரிமையைப் பறித்ததாகும் என்று. நடைபாதையைக் காலி செய்ய அதே தீர்ப்பு அனுமதித்ததும் உண்மை. நீதிமன்றத்துக்கே இரண்டு மனசு இருந்திருக்கிறது. நமக்கு ஒரே மனசுதான்: கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

தனி ஆட்களுக்கு வருகிறேன். இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? எங்கோ வடக்கிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருக்கிறது. அப்படி வந்தவர்களும் உண்டு. ஆனால் நிறையப் பேர் நம்மிடமிருந்து வெளியே போனவர்கள். நம் வீட்டிலிருந்து, நாம் சாப்பிடும் ஹோட்டலிலிருந்து, நாம் போகும் கல்யாண மண்டபத்திலிருந்து.

சென்னையில் எத்தனையோ வேலைகளுக்குப் படுக்கையும் சேர்ந்தே வருகிறது. ஹோட்டலில் மாவாட்டுபவர், பரோட்டா மாஸ்டர், கேட்டரிங்கில் பாத்திரம் கழுவுபவர், லாரி ஷெட்டில் கிளீனர், அடுக்ககத்தில் வாட்ச்மேன். சம்பளம் குறைவு, தங்கிக்கொள்ளலாம், சாப்பாடு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வேலை போகிற நாள் படுக்கையும் போய்விடும் என்பதை அவரும் யோசிப்பதில்லை, நாமும் யோசிப்பதில்லை. இருபது வருஷத்துக்கு முன் ஊரை விட்டு வந்தவருக்கு ஊரில் வீடு இருக்காது, இருந்தாலும் அது தம்பி வீடாகியிருக்கும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டபோது ஒரே ராத்திரியில் ஹோட்டல் எல்லாம் மூடியது. வேலை, சாப்பாடு, படுக்கை மூன்றும் ஒரே நாளில் போன ஆட்கள் எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் நமக்கு உறைத்தது. பள்ளிக்கூடங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் அவர்களைத் தங்கவைத்தார்கள். நாம் சாம்பார் சாதப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நல்ல மனதோடுதான் கொடுத்தோம். ஹோட்டல்கள் திரும்பத் திறந்ததும், நேற்று பரிமாறியவர் எங்கே என்று கேட்காமல் புதிதாக வந்தவரிடம் காபி சொன்னதும் நாம்தான்.

வாட்ச்மேன் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அது நம் கேட்டுக்குள்ளேயே நடக்கிறது. அவருக்குப் பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேல். மில்லிலோ கம்பெனியிலோ வேலை பார்த்து, அது மூடியபின் இங்கே வந்தவர். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், மீட்டர் பெட்டிகளுக்கு அடியில், மாடிப்படி திரும்பும் மூலையில் ஓர் இடம். நம் கார் நிற்க வரைபடத்தில் இத்தனைக்கு இத்தனை அடி என்று கட்டம் போட்டிருக்கிறோம். அவர் படுக்கக் கட்டம் கிடையாது. அவர் பெயர் குழந்தைகளுக்குத் தெரியும், நமக்கு ‘வாட்ச்மேன்’. ராத்திரி அவர் தூங்கிவிட்டால் காலையில் குரூப்பில் போட்டோ வரும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், அடுத்த ஆள் வராவிட்டால் இருபத்து நான்கு. இருமல் ஜாஸ்தியானால், “ஏஜென்ஸிகிட்ட சொல்லி வேற ஆளை மாத்தச் சொல்லுங்க” என்று ஒரு வரி. வேறு ஆள் வந்துவிடுவார். இருமியவர் எங்கே போனார்? அந்தக் கேள்வியை நாம் ஏஜென்ஸியிடம் கேட்டதில்லை, அவர்களுக்கும் தெரிந்திருக்காது. கொஞ்ச நாளில் அவரைப் போன்ற ஒருவர் பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார். நாம் ஆம்னி பஸ் ஏறும் அவசரத்தில் இருப்போம்.

வாடகை என்று வந்தால் நம் கையில் கறை இன்னும் அதிகம். ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் ஒற்றை அறைக்கு மாத வாடகை எப்படியாவது கொடுத்துவிடும். அட்வான்ஸைத்தான் புரட்ட முடியாது. பத்து மாத வாடகையை மொத்தமாகக் கேட்கும் வழக்கத்தைச் சென்னைக்கே உரிய சம்பிரதாயம் போல வளர்த்தது யார்? வீட்டுக்காரர்களான நாம்தான். 2017இல் தமிழ்நாடு அரசு இயற்றிய வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி நமக்குத் தெரியும். தெரிந்தே பத்து மாதம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கறாராக வாங்குகிறோம். அதற்கு மேல் நம் வாசலில் தொங்கும் ‘டு லெட்’ பலகைகள்: குடும்பத்தினருக்கு மட்டும், சைவம் மட்டும். புருஷனை இழந்தவள், பேச்சிலர், திருநங்கை, வயதான தனி ஆள் வந்து நின்றால், “இன்னொருத்தருக்குச் சொல்லிட்டோம்” என்கிறோம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களாவது தனி ஆண்களை ஏற்றுக்கொண்டன. அவற்றிலும் பல இன்று வேறு வியாபாரமாகிவிட்டன. ஒரு வீட்டு வாசலில் சொல்லும் ‘இல்லை’ சின்னது. ஊர் முழுக்க ஒரே ‘இல்லை’யைச் சொன்னால் அந்த ஆள் எங்கே போய் நிற்பார்?

வீட்டுக்குள்ளிருந்தே போனவர்களைப் பற்றி எழுத இன்னும் கஷ்டமாக இருக்கிறது. வயதான பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். எத்தனை அம்மாக்கள் புகார் கொடுப்பார்கள்? கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால் பையன் என்ன படித்தான், எங்கே வேலையில் இருக்கிறான் என்றுதான் முதலில் சொல்வார். சொல்லும்போது குரலில் பெருமைதான் இருக்கும்.

மனநிலை பாதித்தவர்கள் விஷயத்தில் நாம் நடந்துகொண்டது இதைவிட மோசம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794லிருந்து இந்த ஊரில் இருக்கிறது. இத்தனை காலத்தில் நாம் அதற்குச் செய்தது, ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஒரு கிண்டலைக் கண்டுபிடித்து சினிமாவில் போட்டுச் சிரித்ததுதான். அங்கே சேர்க்கும்போது தப்பு விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. குணமான பிறகும் கூட்டிப்போக ஆள் வராமல் அங்கேயே வயதானவர்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டபோது அதிர்ந்து போனோம், காப்பகக்காரர்களைச் சபித்தோம். மாண்டவர்களைக் கொண்டுபோய் அங்கே விட்டது யார் என்ற பேச்சு வந்தபோது சத்தம் குறைந்துவிட்டது. அக்கா, தம்பி, மனைவி, மகன் என்று உறவுமுறை சொல்லித்தான் விட்டிருந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தெருவில் அலையும் மனநோயாளி ஒருவரைப் போலீஸ் கண்டால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து அவர் குடும்பத்தைத் தேட வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்தச் சட்டம் நம்புகிறது. நம்மைப் பற்றி அவ்வளவு நல்ல எண்ணம்.

இதே ஊரில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் தெருவில் திரியும் மனநிலை பாதித்த பெண்களுக்காக ‘தி பேன்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் பின்னால் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. குணமாகியும் போக இடமில்லாத பெண்கள் நான்கைந்து பேருக்குச் சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீடு. துணைக்கு ஓர் ஆள். சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், கோலம் போடுகிறார்கள், பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கிறார்கள். மருந்தும் மருத்துவரும் பின்னால் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீடு நிலைப்பது பக்கத்து வீட்டுக்காரர் கறிவேப்பிலை கொடுப்பதில். நம்மால் முடியாதது என்று இதில் ஒன்றும் இல்லை.

பழைய காலத்தில் திண்ணை இருந்தது, வழிப்போக்கன் படுத்தான், இன்று திண்ணை போய் கேட் வந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் கட்டுரைகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். அந்தத் திண்ணையில் யார் ஏறலாம், யார் தெருவுக்கே வரக்கூடாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் கண்ணீர் தானாக நின்றுவிடும். திண்ணையைவிட எனக்கு நினைவுக்கு வருவது கஞ்சித்தொட்டி. 1780களின் தொடக்கத்தில் பஞ்சம் வந்து ஜனங்கள் பட்டணத்தை நோக்கி ஓடிவந்தபோது கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் இன்றும் ராயபுரம் பக்கம் முதியவர்களை வைத்துக் காப்பாற்றுகிறது. அதையொட்டி வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னைப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் கட்டிய சத்திரம், ரயிலிறங்கி வருபவனுக்கு முதல் ராத்திரி தங்க இடம் வேண்டுமே என்ற யோசனையில் எழுந்தது. நாமும் பிறகு நிறையக் கட்டினோம், மண்டபங்களாக. ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் வாடகை வாங்கும் மண்டபங்கள். பந்தி முடிந்தபின் இலை எடுக்கும் பெண்கள் பின்வாசலில் உட்கார்ந்து தூங்குவார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நீளமான சிமெண்ட் திண்டு இருந்த இடத்தில் வழுக்கும் ஸ்டீல் குழாய் வந்தபோது, படுக்க முடியாதபடிதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று நமக்கு உடனே புரிந்தது. கர்ப்பிணியும் முதியவரும்கூட அதில் உட்கார முடியாது என்பது பிறகு புரிந்தது. கடைப்படியில் கம்பி முளை வைத்தது, மேம்பாலத்தின் அடியில் வேலி போட்டுச் செடி வளர்த்தது, விடியும் முன் கடை வாசலில் தண்ணீர் அடிப்பது, எதற்கும் நாம் மறுப்புச் சொல்லவில்லை. ‘ஏரியா நீட் ஆயிடுச்சு’ என்றோம். அந்தப் படிகளில் படுத்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் நீட் கெட்டுவிடும்.

தர்மம் செய்யாதவர்கள் இல்லை நாம். அமாவாசைக்கு, அப்பா திதிக்கு, குழந்தை பிறந்தநாளுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்புகிறோம். அதனால் அமாவாசையன்று சென்ட்ரல் பக்கம் ஒருவருக்கே நான்கைந்து பொட்டலம் கிடைக்கும், பிரதமையன்று ஒன்றும் இருக்காது. காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கொடுத்து, ஏற்றிக்கொண்டு கிளம்பும் தர்மம் நமக்குப் பிடிக்கிறது, ஏனென்றால் அதில் பேச்சு இல்லை. அந்தத் தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி இருக்கலாம். லட்டு வேண்டாம் என்று சொல்லியிருப்பார், கேட்டிருந்தால். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாம் வேறு ஆட்களாக இருந்தோம். முன்பின் தெரியாதவர்களை வீட்டில் ஏற்றினோம், மொட்டை மாடியில் ஒன்றாகச் சமைத்தோம், பெயர் கேட்டோம், செல்போன் நம்பர் வாங்கிக்கொண்டோம். தண்ணீர் வடிந்ததும் அந்த நம்பர்களும் போனிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

நம் தனிமையைப் பற்றிப் பேசாமல் இது முழுமையாகாது. கதவு எண் தெரியும், ஆள் தெரியாது என்பது நம் தளத்திலேயே நடக்கிறது. பிள்ளைகள் டல்லாஸிலும் சிங்கப்பூரிலும் இருக்க, மூன்று படுக்கையறை வீட்டில் ஒருவர் மட்டும் டிவி சத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் நாளெல்லாம் பேசியது, டெலிவரிப் பையனிடம் ஓடிபி சொன்ன நான்கு எண்கள் மட்டும். பேப்பர் இரண்டு நாளாக எடுக்கப்படாமல் கிடந்தால் அதைக் கவனிப்பது பெரும்பாலும் நாம் பெயர் கேட்காத அந்த வாட்ச்மேன்தான். முதியோருக்கென்று 14567 என்று ஒரு தேசிய உதவி எண் வைத்திருக்கிறார்கள். அதை அழைப்பவர்களில் பலருக்கு வேண்டியது பேச ஒரு குரலாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கதவை நாம் வெளியாட்களுக்காகச் சாத்தினோம். உள்ளே மாட்டிக்கொண்டது நாமும்தான்.

சரி, என்ன செய்வது? காப்பகங்கள் இருக்கின்றன. ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் காப்பகம் ஒன்று என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த அளவு. அந்தக் கணக்கில் சென்னைக்கு இன்னும் நிறையக் காப்பகங்கள் வேண்டும். ஆனால் நம் தெருவில் ஒரு காப்பகம் வருகிறது என்று பேச்சு வந்தால் முதலில் கையெழுத்து வேட்டைக்குக் கிளம்புவது நாம். பாதுகாப்பு, பெண் பிள்ளைகள், மனை விலை என்று மூன்று காரணங்களைச் சொல்வோம். மூன்றாவதுதான் உண்மைக் காரணம். அந்த மனுவில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் அதுவே பெரிய ஆரம்பம். மழையில் நனைந்து கிடப்பவரைப் பார்த்தால் மாநகராட்சியின் 1913க்குச் சொல்லலாம். சென்னைப் போலீஸின் ‘காவல் கரங்கள்’ குழுவினர் 2021லிருந்து இப்படி மீட்டுக் காப்பகங்களில் சேர்க்கிறார்கள். சொல்லிவிட்டு வண்டி வரும்வரை கூட நிற்பதுதான் நமக்குக் கஷ்டமான பகுதி. வருபவரும் கேட்பார், “உங்களுக்குத் தெரிஞ்சவரா?” என்று. ஆமாம் என்று சொல்லும் அளவுக்கு முன்னதாகவே பேசி வைத்திருந்தால் நல்லது.

இதைச் செய்துகொண்டிருப்பவர்கள் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள். பாரிமுனைப் பக்கத்து டீக்கடைகளில், பெட்டிக்கடைகளில் பார்க்கலாம். கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். நடைபாதையில் இருப்பவர்களின் ஆதார் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் அதில். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து கொடுத்து வைத்தவை. தபால் வந்தால் வாங்கி வைப்பதும், போலீஸ் வந்து கேட்டால், “நம்ம ஆளுதான் சார்” என்பதும் அந்தக் கடைக்காரர்தான். அவர் இதைச் சேவை என்று நினைப்பதில்லை. கடனுக்கு டீ குடிப்பவர்கள் ஓடிப்போகாமல் இருக்க ஒரு பிடி என்றுகூட அதற்கு வியாக்கியானம் சொல்வார். சொல்லட்டும்.

எங்கள் அடுக்ககத்தில் சிலர் சேர்ந்து மூன்று விஷயங்களைச் சங்கக் கூட்டத்தில் வைக்கப் போகிறோம். வாட்ச்மேன் படுக்கும் இடத்துக்கு ஒரு கதவும் ஜன்னலும். வேலை மாறினாலும் மூன்று மாதம் தங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. வாடகைக்கு விடுகிறவர்கள் மூன்று மாத முன்பணத்தோடு நிறுத்திக்கொள்வது. மூன்றாவதற்குத்தான் பெரிய சண்டை வரும். பராமரிப்புக் கட்டணம் கூடும் என்று முதல் இரண்டுக்கும் வரும். எதிர்க்கப் போகிறவர்கள் மேல் கோபப்பட எங்களுக்கு யோக்கியதை இல்லை. போன வருஷம் வரை நாங்களும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தோம். இதற்கு நடுவில் வாட்ச்மேனிடம் அவர் ஊர், வீட்டில் யார் யார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதி வாங்கியிருக்கிறோம். முதலில் பயந்துவிட்டார், வேலையை விட்டு எடுக்கத்தான் விவரம் கேட்கிறோம் என்று. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. கோரம் சேர வேண்டும்.